ரீட்-ஒன்லி என்று யாரிடம் சொன்னேன்?

ஒரே டிஸ்க்கின் மேல் எடுத்த இரண்டு செக்சம் (உள்ளே இருப்பது முழுவதையும் சுருக்கிக் கணக்கிடும் ஓர் எண்). ஒன்று செவ்வாய்க்கிழமை மாலை எடுத்தது, மற்றது மறுநாள் காலை எடுத்தது. நடுவில் நான் செய்தது ஒன்றுதான். அந்த டிஸ்க்கை ரீட்-ஒன்லியாக, அதாவது படிக்க மட்டும், மவுண்ட் செய்து (இயந்திரத்தோடு இணைத்து), உள்ளே இருந்த சில லாக் கோப்புகளைப் படித்துவிட்டுக் கழற்றி வைத்தேன். எதையும் எழுதவில்லை. எழுத முடியக்கூடாது என்றுதானே கட்டளையில் ‘ஆர்ஓ’ போடுகிறோம்? சந்தேகத்துக்கு ஒரு முறை சோதித்தும் பார்த்திருந்தேன். காலிக் கோப்பு ஒன்றை உருவாக்கச் சொன்னதும், ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்று முகத்தில் அடித்தாற்போல் மறுத்தது. அப்படியும் புதன்கிழமைக் காலை இரண்டு செக்சமும் ஒத்துப்போகவில்லை. ஒரு பிட் மாறினாலே மொத்த எண்ணும் மாறிவிடும் என்பதால், எவ்வளவு மாறியது என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லவும் வழியில்லை.

இதில் என் மானப் பிரச்சினை ஒன்றும் இருந்தது. அது நள்ளிரவில் தொங்கிப்போன ஒரு மெய்நிகர் இயந்திரத்தின் டிஸ்க். எனக்கு அடுத்து இன்னொரு குழு அதைப் பார்க்க வேண்டும், அதனால் யாரும் தொடக்கூடாது என்பது பேச்சு. “தொடவில்லை, படித்தேன், அவ்வளவுதான்” என்று எழுதி அனுப்பியிருந்தேன். அந்தக் குழுவை நடத்துபவர் நிதானமான மனிதர். ஃபோனில் குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்: “நீங்க ஆர்ஓ போட மறந்துட்டீங்களோ?” ஷெல் ஹிஸ்டரியை அனுப்பினேன். கட்டளை சரியாகவே இருந்தது. “அப்படின்னா எப்படிங்க மாறும்?” என்றார். என்னிடம் பதில் இல்லை. பதில் கிடைக்க மூன்று நாளானது. கிடைத்த பிறகும் விஷயம் மனதுக்குள் அடங்கவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

முதல் நாள் வழக்கமான சந்தேகங்களில் போனது. கோப்பைப் படித்தாலே ‘கடைசியாகப் படித்த நேரம்’ மாறுமே, அதுவாக இருக்குமோ? இல்லை. ரீட்-ஒன்லி மவுண்ட்டில் அந்த நேரம் எழுதப்படுவதில்லை. சாதாரண மவுண்ட்டிலும் 2009-இல் வந்த லினக்ஸின் 2.6.30 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையக்கரு) ‘ரெல்ஏடைம்’தான் இயல்பு, படிக்கும்போதெல்லாம் எழுதுகிற பழக்கம் அப்போதே போய்விட்டது. டிஸ்க் கெட்டுப்போகிறதோ? அப்படியென்றால் ஒவ்வொரு முறையும் வேறு எண் வர வேண்டும். நான் அடுத்தடுத்து மூன்று முறை எடுத்தேன், மூன்று முறையும் அதே புது எண். மறுபடி ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து, கழற்றி, எடுத்தேன். அப்போதும் அதே எண். யாரோ ஒரே ஒரு முறை எழுதிவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். இந்த வகைப் பிழைதான் எனக்கு ஆகாது. திரும்பச் செய்து காட்டு என்றால் சாதுவாக உட்கார்ந்திருக்கும்.

கடைசியாக எழுதிய நேரம்

அந்த டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தது எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை. அது தன் சரித்திரத்தைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும். அதன் தலைப்புக் குறிப்பேடான சூப்பர்பிளாக்கில் கடைசியாக மவுண்ட் செய்த நேரம், கடைசியாக எழுதிய நேரம், எத்தனை முறை மவுண்ட் ஆனது என்ற கணக்கு எல்லாம் இருக்கும். டம்ப்இ2எஃப்எஸ் கருவியால் அதைப் படித்தேன். மூன்றிலும் பழைய தகவல்தான், எல்லாமே இயந்திரம் தொங்குவதற்கு முந்தையவை. நான் மவுண்ட் செய்ததற்கான சுவடே இல்லை. இதைப் பார்த்ததும் எனக்கு ஒரே தெம்பு. கோப்பு முறைமையே சாட்சி சொல்கிறது, நான் எழுதவில்லை! அப்படியானால் எழுதியது கீழே இருக்கும் யாரோ. ஸ்டோரேஜாக இருக்கலாம், மெய்நிகர் இயந்திரத்தை ஓட்டும் ஹைப்பர்வைசராக இருக்கலாம். இரண்டாம் நாள் முழுவதும் ஸ்டோரேஜைப் பார்த்துக்கொள்பவர்களைக் குடைந்தெடுத்தேன். பாவம், அவர்கள் மேல் தப்பே இல்லை.

நல்லவேளையாக, தொங்கிய அன்று இரவே எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து நகல்) இருந்தது. அதிலிருந்து இன்னொரு டிஸ்க் உருவாக்கி, இரண்டையும் சிஎம்பி கட்டளையிடம் கொடுத்து, வித்தியாசப்படும் பைட்டுகளை எல்லாம் பட்டியலிடச் சொன்னேன். ஆயிரக்கணக்கில் வரிகள் ஓடின. ஆனால் ஆரம்பத்திலேயே, முதல் சில வரிகளுக்குள், ஒரு வரி கண்ணில் பட்டது: 1121, 306, 302. முதல் எண் பைட்டின் இடம், மற்ற இரண்டும் அந்த இடத்தில் முன்பிருந்த மதிப்பும் இப்போதுள்ள மதிப்பும், எட்டடிமானத்தில். அந்த டிஸ்க் பார்ட்டிஷன் எதுவும் போடாமல் முழுதாக ஃபார்மேட் செய்யப்பட்டது, அதனால் கணக்குப் போடுவது சுலபம். எக்ஸ்ட்4-இன் சூப்பர்பிளாக் 1024 பைட் தள்ளித் தொடங்கும். அதற்குள் 96 பைட் தள்ளி, ‘இந்த அம்சங்கள் தெரியாத கெர்னல் என்னைத் தொடாதே’ என்கிற கொடிகள் இருக்கும். 1024-உம் 96-உம் 1120. சிஎம்பி ஒன்றிலிருந்து எண்ணும், ஆக 1121. அங்கே 306 போய் 302 ஆகியிருக்கிறது, வித்தியாசம் 4. அந்த 4-க்கு ஒரே அர்த்தம்தான்: ‘ஜர்னலை மீட்க வேண்டியிருக்கிறது’. ஜர்னல் என்பது, டிஸ்க்கில் செய்யப்போகும் மாற்றங்களைக் கோப்பு முறைமை முன்கூட்டியே எழுதி வைக்கும் குறிப்பு. அந்தக் கொடி இறங்கியிருந்தது. கொஞ்சம் கீழே 2045 முதல் 2048 வரையிலான நான்கு பைட்டுகளும் மாறியிருந்தன. சூப்பர்பிளாக் தனக்குத்தானே வைத்திருக்கும் செக்சம் அங்கேதான் இருக்கிறது. கண்டபடி சிதறிய பைட்டுகள் இல்லை இவை. கொடியை இறக்கி, அதற்கேற்ப செக்சமையும் திருத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எக்ஸ்ட்4 தெரிந்த கை.

அடுத்து, அந்த ஸ்னாப்ஷாட்டை ஒரு கோப்பாக இறக்கி, என் இயந்திரத்தில் அதே ரீட்-ஒன்லி மவுண்ட்டைச் செய்து பார்ப்போம் என்று போனேன். கோப்பை டிஸ்க் போலக் காட்டும் லூப் சாதனத்தின் மேல், ஆர்ஓ போட்டு. மவுண்ட் ஆகவே இல்லை! ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்ய முடியாது என்று ஒரு பிழைச் செய்தி. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. அதே பைட்டுகள், அதே கட்டளை, அதே கெர்னல் பதிப்பு. நிஜ டிஸ்க்காக இருந்தால் சத்தமில்லாமல் மவுண்ட் ஆகிறது, கோப்பாக இருந்தால் கதவைச் சாத்துகிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

‘உண்மையிலேயே’ ரீட்-ஒன்லி

கெர்னல் லாக்கில் பதில் இருந்தது. இனி வருவதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. முதல் நாளே அந்த லாக்கைப் பார்த்திருந்தேன், ஆனால் ‘எரர்’ என்ற சொல் வரும் வரிகளை மட்டும் வடிகட்டி. எனக்கு வேண்டிய வரி பிழை என்று குறிக்கப்படவில்லை, வெறும் தகவல் என்றே குறிக்கப்பட்டிருந்தது. இப்போது முழுதாகப் படித்தேன். கோப்பின் மேல் தோற்றுப்போன மவுண்ட்டுக்கு இரண்டு வரிகள்: ரீட்-ஒன்லி கோப்பு முறைமைக்கு மீட்பு தேவைப்படுகிறது; எழுத வழியில்லை, தொடர முடியாது, ‘நோலோடு’ (ஜர்னலை ஏற்றாதே) போட்டு முயன்று பார். பழைய இயந்திரத்துக்குப் போய் நிஜ டிஸ்க்கின் லாக்கைத் தேடினேன். அங்கேயும் முதல் வரி அதேதான். இரண்டாவது வரி மட்டும் வேறு: மீட்பு நடக்கும்போது எழுதும் அனுமதி திறக்கப்படும். அதற்கடுத்து, மீட்பு முடிந்தது.

அந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டு கெர்னல் மூலநிரலுக்குள் போனேன். எக்ஸ்ட்4-இன் ‘சூப்பர்’ கோப்பில், ஜர்னலை ஏற்றும் செயற்கூறு. அங்கே ஒரு மாறிக்கு வைத்திருக்கும் பெயரைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ‘ரியலி_ரீட்_ஒன்லி’. உண்மையிலேயே ரீட்-ஒன்லி! அப்படியென்றால் நான் போட்ட ஆர்ஓ? அது சும்மா பேச்சுக்கு. நிரலின் போக்கு இதுதான்: ஜர்னலில் முடிக்காத வேலை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்து, பயனர் ரீட்-ஒன்லி என்று கேட்டிருந்தால், அடியில் இருக்கும் சாதனம் உண்மையிலேயே ரீட்-ஒன்லியா என்று பார்க்கும். ஆமாம் என்றால் மறுத்துவிடும். இல்லை என்றால் ஜர்னலில் உள்ளதை எல்லாம் டிஸ்க்கில் எழுதி முடித்து, கொடியை இறக்கிவிட்டு, அப்புறம் சாவகாசமாக ரீட்-ஒன்லியாக மவுண்ட் ஆகும். லூப் மவுண்ட்டில் ஆர்ஓ போட்டால், மவுண்ட் கருவியே லூப் சாதனத்தையும் ரீட்-ஒன்லியாக அமைத்துவிடுகிறது. அதனால்தான் கோப்பு தப்பித்தது, டிஸ்க் மாட்டிக்கொண்டது.

ஆர்ஓ போட்டால் எழுத முடியாது என்று நாம் நினைப்பது எந்த இடத்தில் செயல்படுகிறது என்று பார்த்தால் இது புரியும். ஒரு நிரல் கோப்பை எழுதுவதற்காகத் திறந்தாலோ, பெயர் மாற்றினாலோ, அனுமதி மாற்றினாலோ, எல்லாக் கோப்பு முறைமைகளுக்கும் பொதுவான விஎஃப்எஸ் அடுக்கில் ‘எழுதலாமா’ என்று ஒரு கேள்வி கேட்கப்படும். மவுண்ட்டின் கொடியும் சூப்பர்பிளாக்கின் கொடியும் அங்கேதான் பார்க்கப்படுகின்றன. மறுத்தால் 30-ஆம் எண் பிழை திரும்பும். ஜர்னல் மீட்பு அந்த வழியாக வருவதே இல்லை. அது நேராகச் சாதனத்தின் பிளாக்குகளை எடுத்து எழுதுகிறது. வாசலில் நிற்கும் காவலாளி வெளியிலிருந்து வருகிறவர்களைத்தான் நிறுத்துவான், வீட்டுக்காரரை நிறுத்த மாட்டான். அழிக்கப்பட்டும் யாரோ திறந்து வைத்திருந்ததால் அந்தரத்தில் நின்ற கோப்புகளைத் துப்புரவு செய்யும் இடத்தில் இன்னும் வெளிப்படை. அங்கே கெர்னல் சூப்பர்பிளாக்கின் ரீட்-ஒன்லி கொடியையே தற்காலிகமாகக் கழற்றி, வேலையை முடித்து, பழையபடி மாட்டிவிடுகிறது.

உறுதிப்படுத்திக்கொள்ள, ஸ்னாப்ஷாட்டிலிருந்து இன்னொரு டிஸ்க் எடுத்து, டிஸ்க்குக்குப் போகும் கோரிக்கைகளைக் கையாளும் பிளாக் அடுக்கில் ஒரு டிரேஸ் போட்டுவிட்டு மவுண்ட் செய்தேன். எழுதும் கோரிக்கைகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதை அனுப்பிய செயல்முறையின் பெயர்: மவுண்ட். ஸ்டோரேஜ்காரர்களுக்கு அன்றைக்கே மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி போட்டேன்.

அப்படியானால் கடைசியாக எழுதிய நேரம் ஏன் மாறவில்லை? சூப்பர்பிளாக்கை எழுதும் நிரலில் அதற்கு ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். ரீட்-ஒன்லி மவுண்ட்டாக இருந்தால் சூப்பர்பிளாக்கை எழுது, ஆனால் எழுதிய நேரத்தை மட்டும் தொடாதே. காரணம், விண்டோஸுக்கு ஒத்துப்போக வேண்டும் என்று கணினிக் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் ஓடவிடுபவர்கள். அவர்களில் கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு, பூட் ஆகும் அந்த ஆரம்பக் கணத்தில் கெர்னலின் கடிகாரம் சில மணி நேரம் எதிர்காலத்தில் இருக்கும். அந்த நேரத்தைக் குறித்துவிட்டால், பின்னால் வரும் எஃப்எஸ்செக் (கோப்பு முறைமையைச் சோதிக்கும் கருவி) ‘எதிர்காலத்தில் எழுதப்பட்ட டிஸ்க்கா’ என்று பதறி முழுச் சோதனையில் இறங்கிவிடும். நியாயமான அக்கறைதான். என்னுடைய சுவடு அழிந்துபோனது இந்த அக்கறையால்தான். மவுண்ட் செய்த நேரமும் மவுண்ட் எண்ணிக்கையும் மாறாததற்குக் காரணம் வேறு. ரீட்-ஒன்லி என்றால் அவற்றைக் குறிக்கும் வேலையையே கெர்னல் தொடங்குவதில்லை. என் டிஸ்க்கில் எழுதவும் செய்தது, எழுதவில்லை என்று கணக்கும் வைத்தது!

ஏன் இப்படி

கோபம் தணிந்த பிறகு, இப்படி எழுதியவர்கள் இடத்திலிருந்து யோசித்துப் பார்த்தேன். லினக்ஸ் பூட் ஆகும்போது ரூட் கோப்பு முறைமையை முதலில் ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்வதுதான் நெடுநாள் வழக்கம். எக்ஸ்ட்2 காலத்தில் அதன் பொருள் எளிமையானது: ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய், எஃப்எஸ்செக் ஓட்டு, சரியென்றால் எழுதும்படி மாற்று. 2001-இல் 2.4.15 கெர்னலோடு எக்ஸ்ட்3 வந்தது, ஜர்னலும் வந்தது. இப்போது மின்சாரம் போய்த் திரும்பிய இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கின் பாதி விவரம் அதன் இடத்தில் இருக்கிறது, மீதி ஜர்னலில். கெர்னல் தான் முதலில் ஓட்டும் இனிட் நிரலைப் படிக்க வேண்டும், எஃப்எஸ்செக் நிரலையே படிக்க வேண்டும், அவையும் அந்த டிஸ்க்கில்தான் இருக்கின்றன. ஜர்னலைத் தள்ளிவிட்டுப் படித்தால், அரைகுறை அடைவுகளை நம்பி அலைய வேண்டியதுதான். ஆக, ரீட்-ஒன்லியோ இல்லையோ, முதலில் ஜர்னலை முடித்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். மற்றக் கோப்பு முறைமைகளில் எக்ஸ்எஃப்எஸ் அப்படித்தான் செய்கிறது, பிடிஆர்எஃப்எஸ்ஸும் அப்படித்தான்.

மவுண்ட் கட்டளையின் கையேட்டில் ஆர்ஓ பற்றிய பத்தியிலேயே இது தெளிவாக எழுதியிருக்கிறது. சாதனத்தில் அப்போதும் எழுதப்படலாம், எக்ஸ்ட்3-உம் எக்ஸ்ட்4-உம் அழுக்கான நிலையில் இருந்தால் ஜர்னலை ஓட்டும், வேண்டாம் என்றால் நோலோடு போடு, அல்லது சாதனத்தையே ரீட்-ஒன்லியாக்கு. எத்தனை வருடமாக இந்தக் கட்டளையைத் தட்டச்சு செய்கிறேன் என்று எண்ணிப்பார்க்க விருப்பமில்லை. அந்தப் பத்தியை அன்றுதான் முதல் முறையாகப் படித்தேன்.

ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. நான் ஆர்ஓ என்று எழுதும்போது யாருக்குக் கட்டளை இடுகிறேன்? கெர்னலுக்கு என்று நினைத்திருந்தேன். ‘இந்த டிஸ்க்கில் எழுதாதே.’ கெர்னல் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறது. ‘உன் பேச்சைக் கேட்டு நடப்பவர்கள் யாரையும் எழுத விட மாட்டேன், சரி. என் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.’ நான் சொன்ன சொல்லில் எழுவாய் இல்லை. யார் எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை, அது தனக்கு வசதியான எழுவாயைப் போட்டுக்கொண்டது.

சரி, சாதனத்தையே ரீட்-ஒன்லியாக்கினால் முடிந்ததா? பிளாக்டெவ் கட்டளையால் ஆக்கலாம், எக்ஸ்ட்4 அதை மதிக்கிறது. ஆனால் அந்த அடுக்கிலும் ஒரு கதை இருக்கிறது. 2018-இல் வந்த 4.16 கெர்னலில், ரீட்-ஒன்லி சாதனத்துக்கு வரும் எழுதும் கோரிக்கையைப் பிளாக் அடுக்கே மறுத்துவிடும்படி மாற்றினார்கள். கேட்கவே நியாயமாக இருக்கிறது, இல்லையா? டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் பழைய எல்விஎம் கருவிகள் உடைந்துபோயின. அவை அதுவரை ரீட்-ஒன்லி என்று குறித்த சாதனத்தில் எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன, யாரும் தடுக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஒன்றை உடைக்கக்கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எவ்வளவு பிடிவாதம் என்பது தெரிந்ததே. அதே வருடம் அவர் அதைப் பாதி திருப்பிவிட்டார். கோரிக்கையை மறுக்காமல், ‘ரீட்-ஒன்லி சாதனத்தில் எழுத முயற்சி’ என்று லாக்கில் எச்சரித்துவிட்டு உள்ளே விடுவது என்று ஆனது. ஆதாரமாக டிஸ்க்கைக் கையாளும் தடயவியல்காரர்கள் எழுதுவதைத் தடுக்க ஏன் தனியாக ஒரு வன்பொருளைக் கேபிளுக்கு நடுவில் செருகிக்கொள்கிறார்கள் என்று இதைப் படித்த பிறகு நான் கேட்கவில்லை.

நோலோடு போட்டபோது

எல்லாம் விளங்கியாயிற்று, அறிக்கை எழுதிவிடலாம் என்ற நிலையில் கடைசியாக ஒரு காரியம் செய்தேன். புது ஸ்னாப்ஷாட் டிஸ்க், சாதனத்தை ரீட்-ஒன்லியாக்கி, நோலோடும் ஆர்ஓவும் போட்டு மவுண்ட். முன்னாலும் பின்னாலும் செக்சம். இரண்டும் ஒன்றேதான். நிம்மதியாக லாக் அடைவுக்குள் போனேன். நான் புதன்கிழமைக்கு முன் படித்த கோப்பு, இயந்திரம் தொங்குவதற்குச் சற்று முன் எழுதப்பட்டது, எங்கள் மொத்த விசாரணைக்கும் காரணமான கோப்பு, அங்கே இல்லை. அடைவைப் பட்டியலிட்டேன், மறுபடி பட்டியலிட்டேன். இல்லை. மற்றவை எல்லாம் இருந்தன.

யோசித்தால் புரியக்கூடியதுதான். எக்ஸ்ட்4 இயல்பாக, கோப்பின் உள்ளடக்கத்தை முதலில் அதன் இடத்தில் எழுதிவிடும். அந்தக் கோப்புக்கு இன்ன பெயர், இன்ன ஐநோட் (கோப்பைப் பற்றிய உள்குறிப்பு) என்ற விவரம் ஜர்னலுக்குள் போகும், வழக்கமாக 5 விநாடிக்கு ஒரு முறை. ஜர்னலிலிருந்து அது தன் சொந்த இடத்துக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும். இயந்திரம் அந்த இடைவெளியில் தொங்கியிருக்கிறது. டீபக்எஃப்எஸ் கருவியில் ஜர்னலைக் கொட்டிப் பார்த்தேன், அந்த லாக் அடைவின் பிளாக் கடைசிப் பரிவர்த்தனைகளில் ஒன்றில் இருந்தது. கெர்னல் என் பேச்சை நான் நினைத்த அர்த்தத்தில் கேட்டிருந்தால், அந்தக் கோப்பை நான் பார்த்திருக்கவே மாட்டேன். ‘எதுவும் பதிவாகவில்லை’ என்று முதல் நாளே எழுதி முடித்திருப்பேன், கை சுத்தமாக, செக்சம் மாறாமல்.

அறிக்கையில் இரண்டு செக்சமையும் போட்டு, நடுவில் கெர்னல் லாக்கின் அந்த வரிகளையும் போட்டு அனுப்பினேன். மாலையில் அவர் கூப்பிட்டார். “புரியுதுங்க. ஆனா ஒண்ணு கேக்கணும். அந்த லாக் கோப்பு டிஸ்க்ல இருந்துச்சா, இல்லையா?”

உள்ளே இருந்தது அதன் இடத்தில் இருந்தது, பெயர் ஜர்னலில் இருந்தது, இரண்டையும் சேர்த்து வைத்தது என் மவுண்ட் கட்டளை என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“இதை நான் எப்படிங்க ரிப்போர்ட்ல எழுதறது?” என்றார்.

இப்போதெல்லாம் சந்தேகமான டிஸ்க் எது வந்தாலும், முதலில் அதைச் சாதன மட்டத்தில் ரீட்-ஒன்லியாக்கி, அதன் மேல் எழுதக்கூடிய ஒரு மேலடுக்கு ஸ்னாப்ஷாட் போட்டு, அந்த மேலடுக்கைத்தான் மவுண்ட் செய்கிறேன். கெர்னல் தன் ஜர்னல் வேலையை மேலடுக்கில் ஆசைதீரச் செய்துகொள்ளும், அடியில் உள்ளது அப்படியே இருக்கும். இரண்டு பார்வையும் கிடைக்கும். அவர் அனுப்பிய அறிக்கையைப் பிறகு பார்த்தேன். அந்தக் கோப்பைப் பற்றிய பத்தியில் ‘மீட்புக்குப் பின் காணப்பட்டது’ என்று எழுதியிருந்தார்.